ஹேக்கத்தானில் பிளாக்செயின் ஆப்: எதை முதலில் செய்வது?

ஹேக்கத்தானில் (மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆப் செய்கிற போட்டி) பிளாக்செயின் பிரிவுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, கையில் இருப்பது 24 மணி நேரமோ 36 மணி நேரமோ. கிராவிடாஸ் தொழில்நுட்ப விழாவுக்காக வேலூர் வி.ஐ.டி.க்கு வருகிறவர்களும் சரி, மற்ற கல்லூரிப் போட்டிக்குப் போகிறவர்களும் சரி, இந்த வரிசையில் போனால் விடிவதற்குள் ஓடுகிற ஆப் ஒன்று கையில் இருக்கும்.

1. பிரச்சினையைப் பிடியுங்கள்

பிளாக்செயின் என்பது பலரிடம் நகலாக இருக்கிற, பதிந்ததைப் பிறகு மாற்ற முடியாத பொதுக் கணக்கேடு. "இதற்கு டேட்டாபேஸ் போதாதா?" என்று நடுவர் கண்டிப்பாகக் கேட்பார். ஒருவரை ஒருவர் முழுசாக நம்பாத பல பேர் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்றால்தான் பிளாக்செயினுக்கு வேலை. நம்மூர் வேலூர் உதாரணமே இருக்கிறது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்தில் பறித்த கூடை வியாபாரி கைக்கு மாறி, நேதாஜி மார்க்கெட் கடைக்கு வருகிறது. அது எங்கே பறித்தது, யார் கைமாற்றினார்கள் என்று வாங்குகிறவர் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் ஆப்.

2. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

மெட்டாமாஸ்க்கில் (பிரவுசரில் சேர்க்கிற வாலட் செயலி) புதிதாக ஒரு வாலட் தொடங்குங்கள். நிஜப் பணம் இருக்கிற வாலட்டை இந்தப் பக்கமே கொண்டு வர வேண்டாம். செப்போலியா டெஸ்ட்நெட்டை (எத்தீரியம் பிளாக்செயினின் சோதனை வலையமைப்பு) தேர்ந்தெடுத்து, இலவசமாகத் தருகிற ஃபாசெட் தளங்களில் சோதனை ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) வாங்கி வையுங்கள். சில ஃபாசெட்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தரும், சில மெயின்நெட்டில் (நிஜப் பணம் ஓடுகிற வலையமைப்பு) கொஞ்சம் இருப்பு கேட்கும். போட்டி அன்று போய் நின்றால் நேரம்தான் வீணாகும்.

3. கான்ட்ராக்ட்

கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயினில் ஓடுகிற சிறு நிரல். அதை எழுதுகிற கருவியான ரீமிக்ஸ் பிரவுசரிலேயே ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சொலிடிட்டி மொழியில் மூன்றே ஃபங்ஷன்கள் எழுதுங்கள்: பதிவு, கைமாற்றம், பார்வை.

கூடை எண்ணைக் கொடுத்தால் விவரம் வருகிற மாதிரி ஒரு மேப்பிங். விவரத்தில் இப்போது கூடை யாரிடம் இருக்கிறது, எப்போது பதிவானது, கூடைப் படத்தின் ஹாஷ் (படத்திலிருந்து கணக்கிடுகிற, கைரேகை மாதிரியான குறியீடு) ஆகியவை போதும். அழைத்தவரின் வாலட் முகவரியும் பதிவு சேருகிற பிளாக்கின் நேரமும் கான்ட்ராக்ட்டுக்கே தெரியும்; தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பதிவில் ஒரு ரிக்வயர் (நிபந்தனை பொருந்தாவிட்டால் நிறுத்திவிடுகிற வரி): இந்த எண் ஏற்கெனவே இருக்கக் கூடாது. கைமாற்றத்தில் இன்னொன்று: அழைக்கிறவரிடம்தான் கூடை இருக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஓர் ஈவென்ட் (செயினில் பதிவாகிற அறிவிப்பு) வெளியிடுங்கள். கூடை வந்த வழியை வலைப்பக்கத்தில் காட்ட அது உதவும்.

படத்தையே செயினில் போட ஆசைப்படாதீர்கள். 32 பைட் புதிதாக எழுதவே 20,000 கேஸுக்கு (செயினில் செய்கிற வேலைக்கான கட்டண அலகு) மேல் போகும். படம் சாதாரண சர்வரில் இருக்கட்டும், ஹாஷ் மட்டும் செயினுக்கு.

முதலில் ரீமிக்ஸ் வி.எம்.மில் (ரீமிக்ஸுக்குள்ளேயே இருக்கிற பொய்ச் செயின்) ஓட்டுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் 100 பொய் ஈத்தர் இருக்கும். கணக்கை மாற்றி மாற்றி, அடுத்தவர் கூடையைக் கைமாற்றப் பாருங்கள். முடியாமல் போனால் சரி. பிறகு மெட்டாமாஸ்க் வழியாக செப்போலியாவில் டெப்ளாய் செய்யுங்கள், அதாவது செயினில் ஏற்றுங்கள்.

4. வலைப்பக்கம்

ஒரு ஹெச்.டி.எம்.எல். பக்கம், ஈதர்ஸ் லைப்ரரி (பக்கத்தைக் கான்ட்ராக்ட்டோடு இணைப்பது), கான்ட்ராக்ட் முகவரி, ஏ.பி.ஐ. (ABI: கான்ட்ராக்ட்டின் ஃபங்ஷன் பட்டியல், கம்பைல் செய்ததும் ரீமிக்ஸ் தருவது) போதும். ரியாக்ட் நன்றாகத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் ரியாக்ட்.

கான்ட்ராக்டைத் திருத்தி மறுபடி டெப்ளாய் செய்தால் முகவரி புதிது. பழைய முகவரி பக்கத்திலேயே கிடந்தால், திருத்தியது ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள். முகவரியையும் ஏ.பி.ஐ.யையும் ஒரே ஃபைலில் வைத்தால் மாற்றுவது சுலபம். பிரைவேட் கீ (வாலட்டின் ரகசியச் சாவி) மட்டும் எந்த ஃபைலிலும் இருந்து கிட்ஹப்புக்குப் போகக் கூடாது.

எழுதுகிற பட்டனை அழுத்தியதும் "பதிவாகிறது" என்று காட்டி, பட்டனை முடக்குங்கள். பிளாக் வர சுமார் 12 விநாடி ஆகும். அதற்குள் யாராவது இரண்டாம் தடவை அழுத்தினால் ரிக்வயர் தடுத்து, சிவப்பில் எரர் வரும். பார்வை ஃபங்ஷனை வெளியிலிருந்து அழைத்தால் கேஸ் கிடையாது, வாலட்டும் வேண்டாம். வாங்குகிறவர் க்யூ.ஆர். ஸ்கேன் செய்தாலே பார்க்கலாம்.

5. டெமோ

இரண்டு கூடைகளை முன்பே பதிவு செய்து வையுங்கள், மேடையில் ஒன்றைப் புதிதாகப் பதியுங்கள். அந்த 12 விநாடியில் இன்னொருவர் பேசட்டும். வைஃபை காலை வாரினால் காட்ட ஒரு வீடியோவும் தயாராக இருக்கட்டும்.

கூடைக்குள் இருப்பது நிஜமாகவே இலவம்பாடிக் காய்தானா என்று பிளாக்செயினுக்குத் தெரியாது. பதிந்ததைப் பிறகு யாரும் மாற்றவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நடுவர் கேட்பதற்கு முன்பே இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.