அப்பத்தா சொன்னதைப் பத்திரப்படுத்துவது எப்படி

1964 டிசம்பர் புயலை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறியவர்கள் அவர்களைவிட மூத்தவர்கள். நம் ராமநாதபுரம் கரை வீடுகளில் இந்தத் தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குச் செய்யும் மரியாதைகளிலேயே பெரியது, அவர்கள் பேச்சைச் சிதையாமல் எடுத்துவைத்து, அவர்கள் இருக்கும்போதே அவர்களுக்குப் போட்டுக் காட்டுவது. செலவு அதிகம் இல்லை. ஒரு போன், ஒரு பென் டிரைவ், நாலைந்து காலைப்பொழுதுகள் போதும்.

இடமும் நேரமும்

கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து பதிவு செய்ய ஆசை வரும். வேண்டாம். காற்று மைக்கில் அடித்தால் குரல் முழுக்க இரைச்சலாகிவிடும், பிறகு எந்த ஆப்பாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. உள்ளறையே நல்லது. டைல்ஸ் போட்ட வெற்று அறையில் எதிரொலி வரும். மெத்தை, துணிக்கொடி, பாய் உள்ள அறை குரலை நன்றாகத் தாங்கும். வேறு வழியில்லை என்றால் சுவரோரம் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது வயதானவர்களுக்குப் பாவம். வேகத்தைக் குறைத்து வைத்து, அதன் காற்று நேராகப் படாத பக்கமாகப் போனை வையுங்கள். மடித்த துண்டின் மேல் வைத்தால் மேசையில் கை தட்டும் சத்தம் ஏறாது. வாயிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமலும் ஒரு முழத்துக்கு மிகாமலும் இருக்கட்டும். பிளைட் மோடில் போட மறந்தால், நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்து, பத்து மணிக்கு மேல் உட்காருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பசி வந்தால் சோர்ந்துவிடுவார்கள். பல்செட் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் வார்த்தைகள் குழையும். எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பெரியவர்கள் களைப்பை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பதில் சுருங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கேட்கும் விதம்

"ஐயா, உங்க காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தேன்" என்பதோடு முடிந்துபோகும். "முதல் தடவை வத்தையில போனப்ப அணியத்துல உக்காந்தீகளா, பின்னாலயா?" என்று கேட்டுப் பாருங்கள் (வத்தை என்பது நாட்டுப் படகு, அணியம் அதன் முன்பக்கம்). கூட யார் இருந்தார், யார் திட்டினார், மதியத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். கேள்வி கைக்கு அகப்படுகிற பொருளில் தொடங்க வேண்டும். ஓலைக்கொட்டானைக் கையில் கொடுத்து யார் முடைந்தது என்று கேளுங்கள். கடல்பாசி எடுக்கப் போன அம்மாச்சியிடம், பாறையில் கீறாமல் இருக்க எந்த விரல்களில் துணி சுற்றினார், மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் என்ன விலை கிடைத்தது என்று கேளுங்கள்.

வருடம் கேட்காதீர்கள். யாருக்கும் நினைவிருக்காது, தெரியவில்லையே என்று அவர்களுக்குத்தான் சங்கடம். நம் கரையில் எல்லாருக்கும் பொதுவான அடையாளங்கள் இருக்கின்றன: 1964 புயல், 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது, 2004 சுனாமி. "புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?", "ரோட்டுப் பாலம் திறந்தப்ப அப்பா எத்தனாவது படிச்சாக?" என்று கேட்டால் இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம்.

காற்றின் பெயர்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் ஆகியவற்றை எந்தத் திசைக்கு, எந்த மாதத்துக்குச் சொல்கிறார்கள் என்பதில் ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் உண்டு. பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல்காரர் சொல்வதை மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல்காரர் சொல்வதை வைத்துத் திருத்தாதீர்கள். பொதுவாகவே பேச்சின் நடுவே திருத்துவது கூடாது. அவர் சொன்ன வருடமோ பெயரோ தவறென்று தெரிந்தாலும் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் கேளுங்கள். இடையில் அவர் நிறுத்தினால் அடுத்த கேள்வியைப் போட அவசரப்பட வேண்டாம். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு, எட்டு எண்ணும்போது அவராகவே தொடர்வார்.

புயலில் ஆளை இழந்த வீடுகளில் அதைப் பற்றி நாமாக ஆரம்பிக்கக் கூடாது. அவர்களே பேசினால் கேட்போம், அழுதால் பதிவை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வோம். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடச் சொன்னால் பலருக்கு மனசு ஒப்பாது, வெளியே மரத்தடியில் கேட்கலாம். வலை இழுக்கும் அம்பாப் பாட்டை உட்கார்ந்து பாடச் சொன்னால் அடி தவறும். ஒரு கயிற்று நுனியைக் கையில் கொடுத்து, மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வந்தால் பாட்டும் தானாக வரும். மறதி நோய் வந்தவர்களிடம் பேச்சைவிடப் பாட்டு நெடுநாள் நிற்கும், அங்கே தாலாட்டிலிருந்து தொடங்குங்கள்.

கைப்பக்குவம்

"கண்ணளவுதான்" என்று சொல்லும் அப்பத்தாவின் மீன்குழம்பை எழுத ஒரே வழி, சமையலறைத் தராசு. தட்டை வைத்துச் சுழியமாக்கி, அவர் புளியைப் பிய்த்து அதில் போடட்டும். எடையைக் குறித்த பிறகு அவரே எடுத்துக்கொள்வார். உப்பு, மல்லி, தேங்காய் எல்லாம் அப்படித்தான். குண்டு மிளகாயை எண்ணிக்கையில் எழுதாதீர்கள், காய்க்குக் காய் பருமன் மாறும், கிராமில் எழுதுங்கள். ஒரு நாள் எடுத்த அளவை நம்ப முடியாது. மீனும் புளியும் மாறுவதால் அவர் கையும் மாறும். மூன்று முறை வெவ்வேறு நாளில் எடுத்தால்தான் எது நிலையான அளவு, எதை மீனைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார் என்பது தெரியும். "மணம் வந்ததும்" என்று சொல்லும் நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள்.

வீடியோவை எதிரே நின்று எடுக்காதீர்கள், இடக்கை வலக்கை குழம்பிப்போகும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுத்தால் பார்த்துப் பழகலாம். கொட்டான் முடைவதற்கும் இதுவே முறை.

படங்கள், கேசட்டுகள், பாத்திரங்கள்

உப்புக்காற்றும் ஈரமும் பழைய படங்களுக்கு எமன். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. ஈரத்தில் இளகிய மேற்பூச்சு கண்ணாடியில் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். போனுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் பிம்பம் விழாது. சந்தனம் குங்குமம் வைப்பதானால் நடுக் கண்ணாடியில் சிறிதாக வைக்கலாம். ஓரத்தில் வைத்தால் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும்.

தனிப்படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் அளவுக்கு 1200. பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழும். ஒட்டும் தாள் உள்ள ஆல்பத்தில் நாளாக நாளாகப் பசை படத்தைத் தின்னும். அடியில் 5 என்று எண் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தகர டிரங்குப் பெட்டி நம் கரையில் துரு ஏறும். அந்துருண்டை படங்களோடு வேண்டாம். இந்த வேலையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து வீடுகளில் வளைகுடா நாடுகளிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள் பெட்டிக்குள் கிடக்கும். உம்மம்மாவுக்கு அது புதையல். முதலில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளேயரில் போடாமல், கேசட் மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பேச்சு அழியாது. ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிய பிறகு, ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் போட்டு கணினியில் ஏற்றலாம்.

பேர் வெட்டிய பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் எழுத்து மறைகிறது. எழுத்தின் மேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத பேரும் தேதியும் தாளில் எழும்பி வரும். அது கொள்ளுப்பாட்டியின் கல்யாணத் தேதியாகவும் இருக்கலாம்.

சேமிப்பும், திருப்பிக் கொடுப்பதும்

குரலை வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி பிடிக்கும், பகிர்வதற்கு எம்பி3 போதும். மூலத்தைப் போனிலும் பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் ஒவ்வொரு படி வையுங்கள். பென் டிரைவ் வேறு வீட்டில் இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்புப் பெயரில் வருடம், மாதம், தேதி, யார், எதைப் பற்றி என்பது இருக்கட்டும்.

நம் வீடுகளில் பாட்டியிடம் நன்றி என்று சொன்னால் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். அதனால் கடைசிப் பதிவின் முடிவில் பேரனோ பேத்தியோ ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லட்டும்: "அப்பத்தா, நீங்க கருவாடு வித்த காசுல கட்டுன ஃபீஸ்தான் என்னை காலேஜுக்கு அனுப்புச்சு." பொதுவாகப் பாசம் பேசுவதைவிட இது அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

பிறகு பதிவைக் கேட்டு எழுதியதைப் பெரிய எழுத்தில், 18 பாயிண்டில் அச்செடுத்து, ஜெராக்ஸ் கடையில் சுருள் பைண்டிங் போட்டுக் கையில் கொடுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "இது வெளிய தெரிய வேணாம்" என்று அவர்கள் சொல்லும் பகுதியை மற்றவர்களுக்குப் போகும் படிகளிலிருந்து எடுத்துவிட்ட பிறகே சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கும் சென்னையில் இருக்கும் அத்தைக்கும் அனுப்புங்கள்.