முதுகுவலியும் புற்றுநோய் வலியும்: வீட்டில் எப்படிச் சமாளிப்பது

வட சென்னையில் இந்த இரண்டு வலிக்கும் நடக்கிற வைத்தியம் பெரும்பாலும் இடம் மாறிக் கிடக்கிறது. வருஷக்கணக்காக முதுகுவலி உள்ளவருக்குத் தெருமுனை கிளினிக்கில் ஊசி மேல் ஊசி, கூடவே "அசையாம படு" என்ற உத்தரவு. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கோ "முடிஞ்ச வரைக்கும் தாங்கிக்கோ, மாத்திரை பழகிடும்" என்ற அறிவுரை. செய்ய வேண்டியது அப்படியே தலைகீழ். நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்து கொஞ்சம், நடமாட்டம் நிறைய. புற்றுநோய் வலிக்கு மருந்துதான் முதலில், அதுவும் மணி தவறாமல்.

வலியைச் சரியாகச் சொல்லுங்கள்

ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எல்லோருக்கும் எழுதும் மாத்திரைதான் வரும். வீட்டில் சொல்வது போலவே அங்கேயும் சொல்லுங்கள். ராத்திரியில் எலும்புக்குள் குடைகிறதா? எரிகிறதா, கரண்ட் அடித்த மாதிரி காலுக்கு இறங்குகிறதா, மரமரப்பாக இருக்கிறதா? வயிற்றை முறுக்கி முறுக்கி விடுகிறதா? குடைச்சல் எலும்பைக் காட்டும், எரிச்சலும் மரமரப்பும் நரம்பைக் காட்டும், முறுக்கல் குடலைக் காட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றை எழுதுவார்கள். அவை பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாலு நாள் பார்த்துவிட்டு "கேக்கல" என்று தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி, எந்த இடம், 0 முதல் 10 வரை எவ்வளவு வலி, என்ன மாத்திரை என்று குறித்து வையுங்கள். ஏழு தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டர் அளவை மாற்ற அது போதும்.

முதுகுவலி: குடத்திலிருந்து தொடங்குங்கள்

3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட வலி. அதற்குள் பெரும்பாலான முதுகுப் பிடிப்பு தானாகவே தணிந்துவிடும். ஸ்கேனில் "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்ததும் இடிந்துபோக வேண்டாம். வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு அது தெரியும்.

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முதுகைக் கெடுப்பது முதலில் தண்ணீர். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. அதை ஒரே இடுப்பில் வைத்து மூன்று மாடி ஏறும்போது முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்தபடியே சுமை தாங்குகிறது. குடத்தை விட்டுவிட்டு 5 லிட்டர் கேன் இரண்டை இரு கையிலும் தொங்கவிட்டு ஏறுங்கள். ஒரு நடை கூடும், முதுகு நேராக நிற்கும். தரையிலிருந்து தூக்கும்போது முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டி எழுந்திருங்கள். தூக்கிய சுமையோடு இடுப்பைத் திருப்பாதீர்கள். திரும்ப வேண்டுமானால் கால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அடிபம்பில் குடத்தை ஒரு கல் மேல் வைத்தால் குனிவது பாதி குறையும். கூடை தூக்குகிற, லோடு ஏற்றுகிற வேலைக்கும் இதே கணக்குதான். இடுப்பு பெல்ட் வேலை நேரத்துக்கு மட்டும் போதும்.

கட்டாந்தரையில் படுத்தால் முதுகு நிமிரும் என்பது வெறும் நம்பிக்கை. பாய்க்கு மேல் மடித்த மெத்தையோ இரண்டு ஜமுக்காளமோ வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து விருட்டென்று எழக்கூடாது. பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுங்கள்.

நடை: ஒரு வேளைக்கு 10 நிமிடம், தினம் மூன்று வேளை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே போக வேண்டாம். தெருவுக்குள்ளேயே போய் வந்தாலும் நடைதான். பயிற்சிக்கு இது ஒன்றே போதும்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலையும் மாலையும் 10 தடவை. மூச்சைப் பிடிப்பதும் கழுத்தால் தள்ளுவதும்தான் இதில் நடக்கும் பிழை. பயிற்சிக்குப் பின் வலி 2 எண் கூடி மறுநாளும் நீடித்தால் 10ஐ 5 ஆக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் படுக்கை வேண்டாம். படுக்கப் படுக்க முதுகுத் தசை இளைக்கும், அப்புறம் சின்ன வேலைக்கே பிடித்துக்கொள்ளும்.

வென்னீர்ப் பையைத் துணி சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அவர்கள் வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் பொட்டலம் கட்டித் தரும் "செட்" மாத்திரையை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். டைக்ளோபினாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும், பி.பி. ஏறும். பாரசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. தினம் குடிப்பவர், கல்லீரல் கெட்டவர், மெலிந்த முதியவர் என்றால் 2 கிராமே எல்லை. பல வலி மாத்திரைகளுக்குள் பாரசிட்டமால் கலந்தே இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

புற்றுநோய் வலி: மணிதான் மருந்து

வலி வந்தபின் மாத்திரை தேடினால் மருந்து வலியைத் துரத்திக்கொண்டே இருக்கும், பிடிக்காது. கடும் வலிக்குத் தரும் மருந்து மார்பின். அதில் சாதாரண மாத்திரை (மெதுவாகக் கரையும் வகை அல்ல) வேலை செய்வது சுமார் 4 மணி நேரம். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு எழுதினால் நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு 10 மி.கி. என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் மொத்தம் 60. நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாகக் கொடுப்பது அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10. இது கணக்கு புரிவதற்காக. உங்கள் வீட்டு நோயாளியின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், முதியவர்களுக்கும் கிட்னி கெட்டவர்களுக்கும் இன்னும் குறைவாகவே தொடங்குவார்கள். கூடுதல் மாத்திரை ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை. அதைக் காலண்டர் தாளில் குறித்துக் காட்டுங்கள்.

மார்பின் ஆரம்பித்த அன்றைக்கே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும். இதைத்தான் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் மருந்து உள்ளவரை போகாது. பொதுக் கழிப்பறைக்கு மாடி இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் நோயாளிகளுக்கு இது இன்னும் கொடுமை. படுக்கை அருகே கமோடு நாற்காலி போடுங்கள். 3 நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"மார்பின் என்றால் கடைசிக் கட்டம்" என்று பயந்து மறைக்காதீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளவிட்டுத் தரும்போது அடிமையாவது அரிது. நோய் குணமாகி வலி போனால் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். திடீரென நிறுத்தினால்தான் உடம்பு திண்டாடும்.

மார்பின் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தியபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்துக் கொடுக்க வழி எளிதானது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி ஜி.எச்.சிலோ சிகிச்சை நடந்தால், வலி தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும், மார்பின் யார் தருவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். வார்டு ஆரம்ப சுகாதார மையத்தில் பெயர் கொடுங்கள், அல்லது அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்யுங்கள். கையில் 5 நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்புங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை வந்தால் இன்னும் முன்னாடியே. மாத்திரையைப் பீரோவில் பூட்டி எண்ணிக்கை வையுங்கள்.

ஃபென்டனில் பட்டை (தோலில் ஒட்டும் வலி மருந்து, மார்பின் வகையைச் சேர்ந்தது) கொடுத்திருந்தால்: வியர்வையைத் துடைத்துக் காய்ந்த தோலில் ஒட்டுங்கள், 72 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெட்டாதீர்கள். அதன்மேல் வென்னீர்ப் பை கூடவே கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக இறங்கி மூச்சை அடக்கும். எந்த வகை மருந்தானாலும், எழுப்பியும் எழாத தூக்கம், மூச்சு நிமிடத்துக்கு 8க்கும் கீழே, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கல் என்றால் உடனே 108.

இரண்டு வலியும் சேரும் இடம்

புற்றுநோய் உள்ளவருக்கோ முன்பு வந்து குணமானவருக்கோ புதிதாக முதுகு வலித்தால் குடத்தின் மேல் பழி போடாதீர்கள். படுத்தால் கூடுகிற வலி, மார்பைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி இறுக்கம், படி ஏறும்போது கால் தளர்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது: கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். புற்றுநோய் இல்லாதவருக்கும் கடைசி மூன்றில் எது வந்தாலும் இதே அவசரம்தான். கால் நடக்கும்போதே ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் தொடங்கினால் நடை தப்பும். முழுதும் விழுந்தபின் மீட்பது கடினம். அடுத்த ஓ.பி. நாள் வரை இருக்க வேண்டாம், அன்று ராத்திரியே 108ஐ அழையுங்கள். மாடிப்படியில் நடத்தி இறக்காதீர்கள். ஸ்ட்ரெச்சரோடு ஆள் மேலே வரட்டும். பழைய ஸ்கேன் ஃபிலிமையும் மருந்துச் சீட்டையும் காலண்டர் தாள்களையும் ஒரே பையில் போட்டு, "காலு சக்தி இல்ல, எத்தனை மணியிலிருந்துன்னா…" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.