ஒரு கோப்பைத் தொடரை ஒரே தாளில் வரைவது எப்படி? ஐஸ்லாந்து 2024-ஐ வைத்துப் பழகுவோம்

கால்பந்தில் லீக் போட்டியைப் புரிந்துகொள்ளப் புள்ளிப் பட்டியல் ஒன்று போதும். கோப்பைத் தொடருக்கு அப்படி எதுவும் கிடையாது. தோற்றால் அன்றோடு வெளியே. முடிவுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒருமுறை கையால் வரைந்து பார்த்தால் நிற்கும். பழகுவதற்கு நான் சொல்வது ஐஸ்லாந்துக் கோப்பையைத்தான். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவு நாடு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆட்டம், மறு ஆட்டம் கிடையாது. அதிலும் 2024 தொடர் எனக்கு மிகவும் நெருக்கமானது. காரணம் ஐந்தாவது படியில் வரும்.

ஒரு தாள், பென்சில், ரப்பர், பக்கத்தில் ஐஸ்லாந்து வரைபடம். இவ்வளவு போதும்.

படி 1: தலைப்பில் ஆண்டு

இங்கிலாந்து, ஸ்பெயின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கை 2023-24 என்று எழுதப் பார்க்கும். வேண்டாம். ஐஸ்லாந்தின் குளிர்காலம் கடுமையானது. அதனால் வசந்தத்தில் தொடங்கும் ஆட்டங்கள் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். எல்லாம் ஒரே ஆண்டுக்குள் அடங்குவதால் 2024 என்று மட்டும் எழுதுங்கள்.

படி 2: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வரைகிறவர்கள் முதல் சுற்றில் ஆரம்பித்துப் பாதியிலேயே தாள் போதாமல் நிறுத்திவிடுவார்கள். தாளைப் படுக்கை வாட்டில் வைத்து வலது ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அதில் இறுதியாட்டத்தின் இரண்டு அணிகளும் அவற்றின் கோல்களும்: கே.ஏ. 2, விக்கிங்குர் 0. செப்டம்பர் 21, ரெய்க்யவிக் நகரின் தேசிய மைதானம். அதற்கு இடப்பக்கம் இரண்டு கட்டங்கள், அரையிறுதிக்கு. கே.ஏ. அங்கே வீழ்த்தியது வாலுர் அணியை. விக்கிங்குர் வீழ்த்தியது ஸ்டியார்னன் அணியை. அப்புறம் கால் இறுதிக்கு நான்கு, அதற்கும் முன்னே எட்டு என்று இடப்பக்கமாகவே போங்கள். முதல் முயற்சிக்கு 16 அணிகள் வரை போனாலே நல்ல தாள் கிடைக்கும்.

படி 3: கணக்கைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வெளியே அனுப்புகிறது. கடைசியில் மிஞ்சுவது ஒன்று. ஆகவே 32 அணிகள் என்றால் 31 ஆட்டங்கள். தாளில் கட்டம் கூடினாலோ குறைந்தாலோ எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ஐஸ்லாந்தில் முதல் டிவிஷனின் 12 அணிகளும் நேராக 32 அணிகள் ஆடும் சுற்றில்தான் நுழையும். மீதி 20 இடங்களுக்குக் கீழ் டிவிஷன் அணிகள் முன்கூட்டியே மோதிக்கொள்ளும். நம்மூர் நாக் அவுட் போட்டியில் சில அணிகளை ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பி 'பை' கொடுப்பார்களே, ஏறத்தாழ அதேதான்.

படி 4: ஸ்கோரை முழுசாக எழுதுங்கள்

90 நிமிடத்தில் சமநிலை என்றால் கூடுதல் நேரம், அதற்கும் பிறகு பெனால்டி. இதைக் குறிக்காமல் விட்டால் ஆட்டத்தின் கதையே மாறிவிடும். 2022 இறுதியில் விக்கிங்குர் எஃப்.ஹெச். அணியை 3-2 என்று வென்றது கூடுதல் நேரத்தில். அதன் பக்கத்தில் 'கூ.நே.' என்று எழுதலாம். 2018 இறுதியில் ஸ்டியார்னனும் பிரெய்தாப்லிக்கும் 0-0. கோப்பை பெனால்டியில் 4-1 என்று ஸ்டியார்னனுக்குப் போனது. இதை '0-0 (பெ. 4-1)' என்று எழுத வேண்டும். வெறும் 4-1 என்று எழுதினால் ஒருதலையான ஆட்டம் என்று நினைத்துவிடுவோம்.

படி 5: தாளின் பின்பக்கம்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் உயிரான பகுதி. தாளைத் திருப்பி, இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் முன்பு எத்தனை இறுதி ஆடின என்று எழுதுங்கள்.

விக்கிங்குர் தலைநகர் அணி. 2019, 2021, 2022, 2023 என்று வரிசையாகக் கோப்பை அவர்களிடம். 2020 எங்கே என்று கேட்பீர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு தொடர் முடிக்கப்படவே இல்லை. அந்த வரியைக் காலியாக விடுங்கள். நான்குக்கும் ஒரே பயிற்சியாளர், ஆர்னர் குன்லாய்க்ஸன். பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

கே.ஏ. வடக்கே அக்குரேரி என்ற ஊரின் அணி. வரைபடத்தில் பாருங்கள், தலைநகரிலிருந்து சாலை வழியே 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1989-இல் லீக் பட்டம் வென்றவர்கள். கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 1992 இறுதியில் தோல்வி. 2001-இல் தோல்வி. 2004-இல் தோல்வி. 2023-இல் இதே விக்கிங்குரிடம் 1-3.

சரி, இப்போது தாளைத் திருப்பி முன்பக்கத்தில் அந்த 2-0 கட்டத்தை மறுபடி பாருங்கள். முந்தைய ஆண்டு தங்களைத் தோற்கடித்த அணியையே வென்று, ஐந்தாவது இறுதியில் முதல் கோப்பை. அந்த ஆண்டு லீக்கில் அவர்கள் மேல் ஆறு இடங்களுக்குள்கூட வரவில்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த அணி கண்ணிலேயே படாது.

படி 6: வலது ஓரத்தில் ஓர் அம்புக்குறி

கோப்பை வென்ற அணிக்கு ஐரோப்பியப் போட்டியில் இடம் உண்டு. கே.ஏ. 2025-இல் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் டென்மார்க்கின் சில்கபோர் அணியைச் சந்தித்தது. அங்கே 1-1. ஐஸ்லாந்தில் நடந்த இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 2-3 என்று தோல்வி. அம்புக்குறி அங்கே முடிகிறது.

இது கைக்கு வந்துவிட்டால் 2025 தொடரை நீங்களே வரையுங்கள். வலது ஓரக் கட்டத்துக்கு மட்டும் நான் எடுத்துக் கொடுக்கிறேன்: வெஸ்ட்ரி 1, வாலுர் 0. வெஸ்ட்ரியின் ஊரான ஈசாஃபியோர்துர் வரைபடத்தில் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கோப்பை வென்ற அதே ஆண்டில் அந்த அணி முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியது. அதையும் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.