ஸ்டெர்ன்டிரைவில் ட்ரிம் ஆயில் கசிகிறதா? இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ட்ரிம் பம்பின் டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது. நிரப்புகிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கிறது. ட்ரிம் என்பது படகின் பின்னால் இருக்கும் டிரைவை ஆயில் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பு, ஒரு மூடிய சுற்று. என்ஜின் ஆயில் போல எரிந்து தீர இதில் வழியே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியே போயிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகள் குதித்து நீந்துகிற அதே ஏரித் தண்ணீருக்குள். ஊற்றி ஊற்றி ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கசிகிற இடத்தைத் தேடுவோம். இந்த வேலையில் கஷ்டமான பகுதி தேடுவதுதான். இடம் சரியாகத் தெரிந்துவிட்டால் ரிப்பேர் பல நேரங்களில் ஒரு மதிய வேலை. தெரியாமல் சிலிண்டரையும் பம்பையும் மாற்றினால் பணம் போகும், கசிவு போகாது.

என்ஜின் படகுக்குள்ளும், கியரும் புரொப்பெல்லரும் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும் அமைப்புதான் ஸ்டெர்ன்டிரைவ். அந்த வெளிப் பகுதியைத்தான் டிரைவ் என்கிறோம். 1959-ல் வால்வோ பென்டாவின் அக்வாமேட்டிக், 1961-ல் மெர்க்ரூசர் என்று தொடங்கியது. இன்றும் அமெரிக்க, கனடிய ஏரிகளில் இந்த வகைப் படகுகள் ஏராளம். அங்கே பழைய படகு வாங்குகிறவர் கையில் அதிகம் வருவது மெர்க்ரூசர் ஆல்ஃபா, பிராவோ டிரைவ்கள். அவற்றை வைத்தே சொல்கிறேன். மற்ற கம்பெனி டிரைவ்களில் ஹோஸ் ஓடும் பாதை மாறலாம். தேடும் முறை மாறாது.

ஆயில் ஓடும் வழி

படகுக்குள், என்ஜின் பக்கத்தில், பிளாஸ்டிக் டப்பா ஒட்டிய ஒரு 12 வோல்ட் பம்ப் இருக்கும். அதன் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றும். ஒரு பக்கம் சுற்றினால் டிரைவ் மேலே, மறுபக்கம் சுற்றினால் கீழே. பம்பிலிருந்து இரண்டு ஹோஸ் பின்பலகை வழியாகப் போய், வெளியே கிம்பல் ஹவுசிங்கில் (டிரைவைத் தாங்கும் கூடு) இருக்கும் சின்ன மேனிஃபோல்ட் பிளாக்கில் (ஆயிலைப் பிரித்தனுப்பும் உலோகக் கட்டி) சேரும். அங்கிருந்து நான்கு ஹோஸ், டிரைவின் இரண்டு பக்கமும் உள்ள ட்ரிம் சிலிண்டர்களுக்குப் பிரியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு.

சிலிண்டரின் முன்முனை படகுப் பக்கம், ராடு டிரைவ் பக்கம். முன்பக்க அறைக்குள் ஆயில் போனால் ராடு வெளியே தள்ளி டிரைவ் எழும்பும். ராடு பக்க அறைக்குள் போனால் டிரைவ் இறங்கும். ராடு வெளியே வந்த நிலையில் சிலிண்டர் அதிக ஆயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், டப்பாவில் மட்டம் இறங்கும். அதனால்தான் மட்டத்தை எப்போதும் டிரைவை முழுக்க இறக்கிய பிறகு பார்க்க வேண்டும். தூக்கி வைத்துக்கொண்டு நிரப்பினால், இறக்கும்போது மிச்சம் மூடி வழியாகப் பொங்கி பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், ஊற்றும். அதைப் பார்த்துப் புதுக் கசிவு என்று தேடுகிறவர்கள் உண்டு.

முதலில், எந்த ஆயில்?

டிரைவுக்குக் கீழே சொட்டுவதெல்லாம் ட்ரிம் ஆயில் என்று முடிவு கட்டாதீர்கள். பின்பக்கத்தில் மூன்று தனித்தனி ஆயில் இருக்கிறது: ட்ரிம் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், டிரைவுக்குள் இருக்கும் கியர் ஆயில். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். ட்ரிம் ஆயில் மெல்லியது, விரலில் வழுக்கி ஓடும்.

இதைவிட நம்பகமான சோதனை, மூன்று டப்பாக்களிலும் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதி எழுதி வைப்பது. பல மெர்க்ரூசர்களில் கியர் ஆயிலுக்கும் என்ஜின் அறையில் தனி டப்பா உண்டு. சில நாள் படகை ஓட்டிவிட்டு எது இறங்கியது என்று பாருங்கள். கியர் ஆயில் டப்பா இறங்கியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அது புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் போன்ற வேறு இடங்களின் கதை, டிரைவையே அழித்துவிடக்கூடியது. இறங்கியது ட்ரிம் டப்பா என்றால் தொடர்வோம்.

கை வைப்பதற்கு முன்

படகை டிரெய்லரில் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பெட்ரோல் என்ஜின் என்றால் என்ஜின் அறையின் மூடியைத் திறந்து, பிளோயரை (வாயுவை வெளியேற்றும் விசிறி) சில நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்த பிறகே ட்ரிம் பட்டனைத் தொடுங்கள்.

டிரைவ் தூக்கி நிற்பது ஆயிலின் அழுத்தத்தால்தான். அந்த நிலையில் ஒரு ஹோஸைக் கழற்றினால் டிரைவ் அப்படியே விழும். கீழே கையோ காலோ இருந்தால் எலும்பு மிஞ்சாது. ஹோஸைத் தொடுவதற்கு முன் டிரைவை முழுக்க இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் கனமான கட்டையால் முட்டுக் கொடுத்து, பட்டையாலும் கட்டுங்கள். முட்டு இல்லாமல் தூக்கிய டிரைவுக்குக் கீழே ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடக் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள்.

கசிவைப் பிடிப்பது

அழுக்கு மேல் அழுக்கு படிந்த டிரைவில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயில் ஹோஸ் வழியே வழிந்து, சிலிண்டரின் அடியில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துச் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆகவே டிகிரீஸரும் பிரஷ்ஷும் கொண்டு சிலிண்டர், ஹோஸ், பிளாக், கிம்பல் ஹவுசிங் எல்லாவற்றையும் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே பம்பையும் அதைச் சுற்றியுள்ள பில்ஜையும் துடையுங்கள். இந்தக் கழுவலுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

காய்ந்ததும் ஹோஸ் முனைகளிலும் சிலிண்டர் வாயிலும் முகப் பவுடரைத் தூவுங்கள். கீழே வெள்ளை அட்டை விரியுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல், டிரைவை ஏற்றி இறக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழுக்க மேலே போனதும் பட்டனை இன்னும் ஓரிரு விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஏற்றும் பக்கத்தில் அழுத்தம் ஏறி, கசியும் இடத்தில் பவுடர் நனையும். முழுக்க இறங்கியதும் அதே போலச் செய்தால் இறக்கும் பக்கம் தெரியும். நான்கைந்து முறைக்குப் பிறகு மோட்டாரைக் குளிரவிடுங்கள்.

அப்போதும் பிடிபடாத மெல்லிய கசிவென்றால் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். ஓர் இரவு டிரைவைத் தூக்கி, முட்டுக் கட்டையை டிரைவைத் தொடாதபடி பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். டிரைவின் கனம் முழுக்க ஏற்றும் பக்க ஆயிலை அழுத்திக்கொண்டிருக்கும். காலையில் அட்டையில் ஆயில் இருந்தால் சந்தேகம் அந்தப் பக்கத்து ஹோஸ், ஃபிட்டிங் மேல். இரவு நிறுத்தும்போது சொட்டாமல், இறக்கும் பட்டனை அழுத்தும்போது மட்டும் நனைந்தால் மறுபக்கம்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். பில்ஜில் ஆயில் இருந்தால் பம்ப், அதன் டப்பா உட்காரும் ஓ-ரிங், பம்பின் இரண்டு ஃபிட்டிங்குகள். வெளியே என்றால் முதலில் ஹோஸ்கள்: ரப்பரில் வெடிப்பு, உரசிய தேய்மானம், முனையில் நசுக்கிய உலோக வளையத்தில் துரு. அடுத்து மேனிஃபோல்ட் பிளாக். சிலிண்டரைக் கடைசியில் பாருங்கள். ராடைத் துடைத்துவிட்டு ஏற்றி இறக்கும்போது மெல்லிய ஆயில் பூச்சு தெரிந்தால் அது இயல்பு. ராடு உள்ளே நுழையும் வாயில் ஆயில் வளையமாகத் திரண்டு சொட்டினால் சீல் போய்விட்டது.

சரிசெய்வது

கசிவது ஃபிட்டிங் என்றால் சரியான அளவு ஸ்பேனரால் லேசாக இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மேலும் பலம் கொடுக்க வேண்டாம். பிளாக்கின் மரை கெட்டுவிட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். டெஃப்லான் டேப்பும் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு பிய்ந்து பம்பின் வால்வில் சிக்கினால் டிரைவ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

ஹோஸ் மாற்றுவதுதான் பெரும்பாலான கசிவுகளுக்குத் தீர்வு. டிரைவை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றி, டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள். எந்த ஹோஸ் எந்தத் துளைக்கு என்று படம் எடுத்து, கலர் டேப்பும் சுற்றுங்கள். கீழே பாத்திரம் வைத்து, ஃபிட்டிங் மேல் துணியைப் போர்த்தி, மெதுவாகத் தளர்த்துங்கள். இங்கே சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கும். பிரேக் பைப்புக்குப் பயன்படும் ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்வது நல்லது. திறந்த துளைகளை உடனே சுத்தமான மூடியால் அடையுங்கள். மண் உள்ளே போகக் கூடாது.

புது ஹோஸை முதலில் விரலால் பல சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். பழைய ஹோஸ் போன பாதையிலேயே புதியதும் போகட்டும். பொருத்திய பிறகு டிரைவை இடம் வலம் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுபடாமல், நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்க ஹோஸ் வயதாகி வெடித்திருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம்.

பிளாக்கில் உள்ள ஃபிட்டிங்குகள், அதிலும் உப்புத் தண்ணீரில் ஓடிய படகில், இறுகிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்; சில சமயம் டிரைவையே கழற்றினால்தான் அங்கே கை போகும். சிலிண்டர் சீலும் அப்படித்தான். சீல் செட் மலிவு. ஆனால் சிலிண்டர் மூடியைத் திறக்க இரண்டு முள் கொண்ட தனி ஸ்பேனர் வேண்டும், துருப் பிடித்த மூடி எளிதில் திரும்பாது. ராடில் நகம் தட்டுகிற அளவுக்குக் குழியோ கீறலோ இருந்தால் சீல் மாற்றியும் பயனில்லை, அதே கீறல் புது சீலையும் கிழிக்கும். அப்போது முழு சிலிண்டரையே மாற்றுங்கள்.

நிரப்பிக் காற்றெடுப்பது

குயிக்சில்வர் பவர் ட்ரிம் அண்ட் ஸ்டீயரிங் ஃப்ளூயிட் அல்லது உங்கள் டிரைவின் கையேடு சொல்லும் ஆயில். மெர்க்ரூசர் கையேடுகள் அது கிடைக்காத இடத்தில் 10W-30 அல்லது 10W-40 மோட்டார் ஆயிலை அனுமதிக்கின்றன. பிரேக் ஆயில் ஒருபோதும் கூடாது, சீல்கள் ஊதிப் போகும்.

டிரைவை இறக்கிய நிலையில் மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஏற்றி, இறக்கி, மட்டம் பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். டப்பா ஒரு முறைகூடக் காலியாகக் கூடாது. காலியானால் காற்றை உறிஞ்சி வேலை முதலிலிருந்து தொடங்கும். ஆறேழு சுற்றில் டிரைவ் குலுங்காமல், நடுவில் தயங்காமல் ஏறும். டப்பாவில் நுரை இருந்தால் அடங்கும் வரை பொறுத்துவிட்டுத் தொடருங்கள். பழைய ஆயில் பால் நிறத்தில் இருந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முழுக்க வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள்.

பில்ஜில் கொட்டிய ஆயிலை உறிஞ்சும் துணியால் எடுத்து முடிக்கும் வரை தானியங்கி பில்ஜ் பம்பை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அது அத்தனையையும் ஏரியில் இறைத்துவிடும். அமெரிக்காவில் தண்ணீர் மேல் ஆயில் படலம் பரவவிடுவது சட்ட மீறல். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி அதைக் கரைப்பதும் அப்படியே. படலம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, ஆயில் தண்ணீருக்குள்தான் இருக்கும். வடித்த ஆயிலைப் பழைய ஆயில் வாங்கும் மையத்தில் கொடுங்கள்.

எங்கும் ஈரமில்லை, ஆனால் டிரைவ் இறங்குகிறது

டப்பாவில் மட்டம் குறையவில்லை, பவுடர் நனையவில்லை. காலையில் டிரைவ் மட்டும் கீழே கிடக்கிறது என்றால் கசிவு உள்ளேயே நடக்கிறது. பம்பின் வால்வு, அல்லது சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தாண்டி. பிரித்தறிய ஒரு வழி உண்டு. டிரைவைத் தூக்கி, முட்டு கொடுத்து, டிரைவின் கனம் முழுக்க முட்டின் மேல் உட்காரும்படி செய்யுங்கள். பம்பில் ஏற்றும் பக்க ஹோஸைக் கழற்றி இறுக்கமான பிளக்கால் அடையுங்கள். இறக்கும் பக்க ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள், அதை அடைக்காதீர்கள். இரண்டையும் அடைத்தால் ராடு உள்ளே நுழைய இடமில்லாமல் பழுதான சிலிண்டரும் நின்றுகொண்டு உங்களை ஏமாற்றும். பிறகு முட்டுக் கட்டையைச் சில அங்குலம் மட்டும் தாழ்த்திவிட்டு, தள்ளி நின்று கவனியுங்கள். டிரைவ் நின்ற இடத்திலேயே நின்றால் பழுது பம்பில். இறங்கி, பாட்டிலில் ஆயில் சேர்ந்தால் சிலிண்டரில்.