40 டன் ராடும் ஒன்றரைக் கிலோ விராலும்

மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிரம்பிக் கிடக்கும் தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பக்கமோ கடலூரின் பெருமாள் ஏரிப் பக்கமோ போய்ப் பாருங்கள். போன வருடம் வரை மூங்கில் குச்சியும் தங்கூஸ் நரம்புமாக நின்ற பையன்கள் கையில் இப்போது பளபளக்கும் கார்பன் ராடு, அதாவது கார்பன் இழையில் செய்த தூண்டில் கம்பு. சந்தோஷம்தான். ஆனால் எதற்காக அதை வாங்கினார்கள் என்று கேட்டால், வரும் பதிலில் வயிறு எரிகிறது. அதே காரணங்களை நம்பி ஒரு காலத்தில் நானும் காசைக் கரைத்தவன்தான்.

முடிச்சு நழுவுவது, நரம்பு சுற்றும் ரீலின் கம்பி வளையமான பெயிலைத் திறக்காமல் வீசுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாலு வாரம் கரையில் நின்றால் அவை தானாகச் சரியாகிவிடும். பணம் போகும் தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

விலை உயர்ந்த ராடும் ரீலும் நம் பக்கத்து நன்னீருக்குத் தேவையா என்று கேட்டால், என் பதில் இதுதான்: நல்ல ரீல் சிலருக்குத் தேவை. உச்ச விலை ராடு வெகு சிலருக்குத்தான் தேவை. முதல் வருடக்காரர்கள் யாருக்கும் இரண்டும் தேவையில்லை.

எந்த மீன் என்று முடிவு செய்யாமல் வாங்குவது

ஜிலேபி, குளத்துக் கெண்டை, கெளுத்தி என்றால் தக்கை, மண்புழு, ஒரு ஃபைபர் ராடு போதும். அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் ஆசைக்கு, மீனுக்கு அல்ல.

விரால் வேறு. அது தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே கிடக்கும். ரப்பர் தவளையை அந்தப் பச்சைக்கு மேல் இழுத்து வர வேண்டும். மீன் வாய் வைத்ததும் கொடிக்குள் புகுவதற்குள் வெளியே இழுத்துவிட வேண்டும். இதற்கு ஆறரை, ஏழு அடியில் விறைப்பான ராடும், 40 பவுண்டு போலத் தாங்கும், பின்னிய நரம்பான பிரெய்டு லைனும் தேவை. கட்லா இன்னொரு கதை. மாவு உருண்டையில் சிக்கும் ஐந்தாறு கிலோ கட்லா திறந்த தண்ணீரில் நீண்ட ஓட்டம் ஓடும். அங்கே ராடு வளைய வேண்டும், ரீலின் டிராக் என்னும் பிரேக் சீராக லைனை விட்டுக்கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் இன்னொரு வகை கூத்தும் உண்டு. பிரான்சில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது ஒரு ராடு கொண்டு வருவார். அசல் சரக்கு, கையில் எடுத்தால் எடையே தெரியாது. பிளாங்கில், அதாவது ராடின் தண்டில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால், வீச வேண்டிய லூரின் (செயற்கை இரை) எடை 2 முதல் 7 கிராம். அது குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனுக்குச் ஸ்பின்னர் என்னும் சின்னச் சுழல் இரையை வீசுவதற்காகச் செய்தது. நம்மவர் அதில் 12 கிராம் தவளையைக் கட்டிப் பாசிக்குள் வீசுவார். மீன் தவளையைக் கவ்வும், இவர் இழுப்பார், ராடு முழுக்க வளையும், முள் மட்டும் மீனின் தாடையில் ஏறவே ஏறாது. "விரால் சரியாவே கடிக்கல" என்று வந்து சொல்வார். மாமா கொண்டுவந்ததில் குறையே இல்லை. அது இந்தத் தண்ணீருக்கான ராடு இல்லை, அவ்வளவுதான்.

வாங்கும்போது கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருக்கும் லூர் எடையையும் லைன் அளவையும் முதலில் படியுங்கள். விலைச் சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

விலை கூடினால் பலமும் கூடும் என்று நம்புவது

இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பெருமாள் ஏரிக்கரையில் ஒரு தம்பி. புது ராடு, விலை பதினெட்டாயிரம் என்று வரும்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றரைக் கிலோ விரால் ஒன்றை அழகாகவே கொடியிலிருந்து பிரித்துக் கரை வரை கொண்டு வந்துவிட்டார். அவர் நின்றது கரையின் உச்சி, மீன் கீழே கருங்கல் பாவிய சரிவில். இறங்கிப் போய் எடுக்காமல், இரண்டு கையாலும் ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கி மீனை மேலே இழுத்தார். மேல் பாகம் பட்டென்று முறிந்து லைனோடு தொங்கியது. மீன் தண்ணீருக்குள் போய்விட்டது. "அண்ணே, 40 டன்னுன்னு போட்டிருக்கான், ஒன்றரைக் கிலோ தாங்கலையே! ஏமாத்திட்டான்" என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை. ராடுகளில் 24 டன், 30 டன், 40 டன் என்று போட்டிருப்பது அது தூக்கும் எடை அல்ல. கார்பன் இழை எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு அது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று மாடுலஸைக் குறிக்கும் எண். இழை விறைப்பாக இருந்தால், அதே விறைப்புள்ள ராடைக் குறைந்த கார்பனில் செய்துவிடலாம். சுவர் மெலியும், எடை குறையும், கைக்கு இதமாக இருக்கும், தரையில் தூண்டில் உரசுவதுகூட விரலுக்குத் தெரியும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். ஆனால் விறைப்பு கூடக் கூட, முறிவதற்கு முன் அந்த இழை நீளக்கூடிய அளவு குறைகிறது. மெல்லிய கண்ணாடி டம்ளருக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் உள்ள வித்தியாசம் போல. அழகு ஒன்றில், அடி தாங்குவது இன்னொன்றில். மலிவான ஃபைபர்கிளாஸ் ராடு கனமாகவும் மந்தமாகவும் இருக்கும், ஆனால் வில்லாக வளைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது அந்தத் தூக்கல். ராடு பாதி உயரத்தில் இருந்தால் வளைவு கீழிருந்து மேல் வரை பரவும், அடிப்பாகம் பெரும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதையே செங்குத்தாக்கி, லைனும் குட்டையாகி, மீன் காலடியில் தொங்கும்போது மொத்த வளைவும் நுனிப்பகுதியில் வந்து குவிகிறது. அங்கே பிளாங்க் பென்சிலைவிட மெல்லியது. பதினெட்டாயிரம் ஆனாலும் எண்ணூறு ஆனாலும் அந்த இடம் அப்படித்தான். சிலர் இன்னும் மோசம். ஒரு கையைக் கைப்பிடியை விட்டு மேலே கொண்டுபோய் பிளாங்கைப் பிடித்துத் தூக்குவார்கள். அதோடு அடிப்பாகத்தின் உதவியும் போயிற்று.

நம் ஏரிகள் எல்லாமே கரை உயரமானவை. மதகடி, கலங்கல் பக்கம் என்றால் தண்ணீருக்கும் நமக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இருக்கும். அதனால்தான் இந்தத் தவறு இங்கே இவ்வளவு நடக்கிறது. இறங்க வழியுள்ள இடத்தில் நின்று வீசுங்கள். அல்லது நீளக் கைப்பிடி வலை ஒன்று வாங்குங்கள், உள்ளூரில் கம்பி வளைத்து வலை கட்டியதே போதும். சரிவில் மீனைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ராடைக் கீழே வைத்துவிட்டு லைனின் நுனியில் கட்டிய தடித்த நரம்பான லீடரைப் பிடித்து இழுங்கள். பிரெய்டைக் கையில் சுற்றாதீர்கள், விரலை அறுத்துவிடும். லூர் கருவேலங்கட்டையில் மாட்டிக்கொண்டாலும் ராடை வளைத்து மல்லுக்கட்ட வேண்டாம். லைனை ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி, ராடைச் சும்மா விட்டு, குச்சியைப் பிடித்து நேராக இழுத்தால் ஒன்று லூர் வரும், இல்லை லைன் அறும்.

இன்னொரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மொபெட்டின் பக்கத்தில் உறையில்லாமல் கட்டி, திருவந்திபுரத்திலிருந்து குறிஞ்சிப்பாடி வரை தடதடவென்று கொண்டு வந்த ராடு, ஃபுட்ரெஸ்ட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கும். கருங்கல் மேல் போட்ட ராடும் அப்படித்தான். மெல்லிய சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். முறிவு அன்றைக்கு நடக்காது. இரண்டு மாதம் கழித்து கால் கிலோ ஜிலேபிக்கு முறியும், பழி கம்பெனி மேல் விழும். வாரண்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான். இப்படி முறிந்ததற்கு எதுவும் கிடைக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விரால் பிடிக்க அந்த நுண்ணுணர்வு தேவையே இல்லை. அது தவளையை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, 'பொளக்'கென்று சத்தமும் கேட்கிறது. விரலுக்கு வேறு தனியாகச் செய்தி வர வேண்டுமா? விராலுக்காக என்றால் கார்பனும் கண்ணாடி இழையும் கலந்த, அல்லது 24 டன் அளவிலான மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ராடுக்கு மேல் போகாதீர்கள். அடி ஆழத்தில் ஜிக் என்னும் சின்ன எடை இரையை ஆட்டிப் பிடிக்கிறவர், காலை முதல் மாலை வரை விடாமல் வீசிக்கொண்டே இருக்கிறவர், இவர்களுக்கு இலகுவான ராடின் அருமை தெரியும். தோள்வலி மிச்சமாகும். அவர்கள் வாங்கட்டும்.

பேரிங்கை எண்ணி ரீல் வாங்குவது

வேண்டாம். நல்ல ஐந்து பேரிங், மட்டமான பன்னிரண்டைவிட மேல்.

ரீலில் ஏணியின் உச்சிக்கு ஒரே தாவலில் போவது

ஷிமானோவை எடுத்துக்கொண்டால் கீழ்ப்படியில் சியன்னா, நடுவில் நாஸ்கி, அதற்கு மேல் ஸ்ட்ராடிக், உச்சியில் ஸ்டெல்லா. டைவாவிலும் இதே மாதிரி படிகள் உண்டு. சியன்னாவிலிருந்து நாஸ்கிக்குப் போனால் எவருக்கும் வித்தியாசம் தெரியும். சுழற்சி, லைன் சுற்றும் ஒழுங்கு, டிராக் எல்லாமே மேம்படும். ஸ்ட்ராடிக்கிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் போகும்போது விலை பல மடங்கு ஏறும், ஆனால் வித்தியாசத்தை உணர நீங்கள் அதற்கு முன் நிறைய ரீல்களைச் சுற்றியிருக்க வேண்டும்.

விராலோடு நடக்கும் சண்டை கொடிக்குள் அரை நிமிடம். டிராக்கை இறுக்கிப் பூட்டிவிட்டு இழுப்பதுதான் வேலை. பெரிய விலை கொடுத்து வாங்கிய வழவழப்பான டிராக் அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். மெல்லிய லைனில் பெரிய கட்லாவையோ வாளையையோ துரத்துகிறவருக்குத்தான் அந்த டிராக் காசுக்கு வேலை செய்யும். திக்கித் திக்கி விடும் டிராக்கில் முதல் ஓட்டத்திலேயே லைன் அறுந்துபோகும். அவர்களுக்கு நாஸ்கி, ஸ்ட்ராடிக் அளவிலான ரீல் நியாயமான செலவு. டிராக்கை லைன் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 'அதிகபட்ச டிராக்' எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

லைனில் மிச்சம் பிடிப்பது

பத்தாயிரத்துக்கு ரீல், இருநூறு ரூபாய்க்குப் பெயர் தெரியாத பிரெய்டு. இதை அடிக்கடி பார்க்கிறேன். மீனையும் உங்களையும் இணைப்பது அந்த லைன்தான். இன்னொன்று, லைன் சுற்றும் உருளையான வழுக்கும் உலோக ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகச் சுற்றினால் மொத்தக் கட்டும் ஸ்பூலோடு ஒட்டாமல் சுழலும். டிராக் எவ்வளவு இறுக்கினாலும் லைன் வந்துகொண்டே இருக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று புது ரீலைக் கழற்றிக் கொட்டி, ஸ்பிரிங் ஒன்று துள்ளிப்போய், அதைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரைத் தெரியும். முதலில் கொஞ்சம் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி அதன் மேல் பிரெய்டைச் சுற்றினால் முடிந்தது.

நன்னீர் ரீலோடு முகத்துவாரத்துக்குப் போவது

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கே உரிய தவறு இது. ஏரியில் காலையில் ஒன்றும் கடிக்கவில்லை என்றால் மதியம் தாழங்குடாவுக்கோ தேவனாம்பட்டினத்துக்கோ வண்டியைத் திருப்புவது நம் வழக்கம். அரை மணி நேரப் பயணம், கொடுவா மாட்டினால் அதிர்ஷ்டம். பெண்ணையாறும் கெடிலமும் பெயருக்குத்தான் ஆறு, கடலோரத்தில் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அரியாங்குப்பம் ஆறும் சுண்ணாம்பாறும் அப்படியே.

உப்பு பேரிங்குக்குள் போனால் வெளியே எதுவும் தெரியாது. அடுத்த மாதம் கைப்பிடியைச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல நறநறக்கும். நுணுக்கமாகச் செய்த ரீலுக்கு இந்தப் பாதிப்பு சீக்கிரம் உறைக்கும். உதிரி பாகம் தேடி அலைவது தனி வேதனை. இரண்டு தண்ணீரிலும் இறங்குபவராக இருந்தால் உப்புக்கென்று தாங்கும்படி செய்த ரீல் ஒன்றை நடுத்தர விலையில் வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

மின்கம்பிக்குக் கீழே வீசுவது

கார்பன் மின்சாரம் கடத்தும். ஐப்பசி இடிமழையிலும் ராடை மடக்குங்கள்.

கேட்காமல் இறங்குவது

பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை இருக்கும், குத்தகைதாரரைக் கேளுங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே ராடே வேண்டாம்.

பழையதைப் பார்க்காமல் வாங்குவது

உச்ச விலை ரீல் ஆசை தீரவே இல்லை என்றால் பழையதாக வாங்குவது மோசமான யோசனை இல்லை. ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் இந்த ஊரில் நிறைய. வாங்கும்முன் பெயிலில் லைன் உருளும் சின்ன ரோலரை விரலால் சுற்றிப் பாருங்கள், இறுகியிருந்தால் உப்பில் நின்ற ரீல். ஸ்பூலைக் கழற்றி அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ராடு என்றால் ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். பஞ்சு மாட்டினால் வளையத்தில் வெடிப்பு, அது உங்கள் பிரெய்டை அறுக்கும். பிறகு நுனியிலிருந்து அடி வரை நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். எங்காவது நகம் தடுக்கினால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.