தோலுரிப்பைக் குழப்பும் புழு மருந்தை அடிப்பது எப்படி

மெத்தாக்ஸிஃபெனோசைடு, டெபுஃபெனோசைடு மாதிரி மருந்தை அடித்துவிட்டு, மறுநாள் காலை புழு உயிரோடு இருக்கிறதே என்று பதறி வேறொன்றை அடிக்காதீர்கள். இவை எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோன் போல நடிப்பவை. புழு நேரங்கெட்ட நேரத்தில் தோலுரிக்கத் தொடங்கி, சீக்கிரமே தின்பதை நிறுத்திவிடும். இயல்பாக அந்த ஹார்மோன் அளவு இறங்கினால்தான் பழைய தோல் கழலும், மருந்தோ உடம்பிலேயே தங்கிவிடுவதால் புழு பாதியில் சிக்கி, சில நாளில் பட்டினியாலும் நீர் வற்றியும் சாகும். புழுவை விடுங்கள், புதிதாக இலை அரிபடுகிறதா என்று பாருங்கள்.

முட்டை பொரிந்து புழு சிறிதாக இருக்கும்போதே அடிப்பது நல்லது. முக்கியமாகத் தின்றால்தான் வேலை செய்யும், அதனால் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். அளவு? லேபிளில் உள்ளபடிதான். அப்புறம், அடுத்த தலைமுறைப் புழுவுக்கு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இதை வாங்குவது வீண், இது புழுவுக்கான மருந்து.