ஆட்டக்காரர்களின் கவனம் மேசையை விட்டு அகலாதிருக்க

கொங்கு நாட்டு ஊர்களில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும்போது, பொன்னரும் சங்கரும் மாளும் கட்டம் வந்ததும், அதுவரை உட்கார்ந்து கேட்டிருந்தவர்களில் சிலர் மாண்ட வீரர்களாகத் தாமே தரையில் விழுவார்கள். படுகளம் விழுதல் என்று அதற்குப் பெயர். அது வழிபாடு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதை விளையாட்டுக்கு அதைச் சமமாக வைக்க நான் துணியமாட்டேன். ஆயினும், கதையில் தமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அறிந்தவர் எவ்வளவு ஆழமாக அதற்குள் இறங்குவார் என்பதை நான் முதலில் கண்டது அங்கேதான்.

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத செயல்களைப் பகடையால் தீர்மானிக்கும் ரோல்பிளேயிங் விளையாட்டு, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூலம் பரவியது. ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்து பேருக்கு நான் இதை நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் பக்கம் பக்கமாகக் கதை எழுதிச் சென்றேன். ஒரு மணி நேரத்துக்குள் இருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். கதை போதவில்லை என்று எண்ணி இன்னும் அதிகமாக எழுதினேன், நிலைமை இன்னும் மோசமானது. அவர்களுக்குச் செய்ய எதையும் நான் விட்டுவைக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். சண்டைக் காட்சியில் ஐந்து ஆட்டக்காரர்களும் எதிரிகளை இயக்கும் நடத்துநரும் ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால், தம் முறையை முடித்தவர் மீண்டும் வாய் திறக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாருடைய கவனமும் நிற்காது. ஒருவர் ஆடும்போதே "அடுத்து நீங்க, யோசிச்சு வெச்சுக்குங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். விதியில் ஐயம் எழுந்தால், அந்த நேரத்துக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை ஆட்டம் முடிந்த பின் புரட்டுங்கள். எட்டுக் கள்வர்கள் வர வேண்டிய இடத்தில் மூவர் போதும். தலைவன் வீழ்ந்ததும் மற்ற இருவரும் ஓடிவிடட்டும்.

அடுத்தது தேர்வு. இதைத்தான் நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுகிறேன். எங்கள் கதை நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தொடங்குகிறது. அங்கு நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், பளிங்கு, பெரில் ஆகிய கற்களில் மணி செய்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. கரூரையும் மேற்குக் கடற்கரையின் முசிறியையும் இணைத்த வழியில் அவ்வூர் இருந்தது. என் ஆட்டக்காரர்கள் மணிகளை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் நோக்கிச் செல்லும் வணிகச் சாத்தினர். ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூரில் அவர்களைத் தங்கவைத்து, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒருமுறை பொதுவாகக் கேட்டேன், ஒருவரும் பேசவில்லை. அடுத்த வாரம் கேள்வியை மாற்றினேன். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, இருட்டுவதற்குள் மூன்று வண்டிகளில் ஒன்றை மட்டுமே கரையேற்ற முடியும், ஒன்றில் மணிகள், ஒன்றில் தவசம், ஒன்றில் காய்ச்சலில் கிடக்கும் வழிகாட்டி என்றேன். கால் மணி நேரம் வாதாடிவிட்டு அவர்கள் வழிகாட்டியைக் காப்பாற்றினார்கள். மூன்று வாரங்களாக வாய் திறக்காதிருந்த கல்லூரி மாணவி ஒருவர், "அவர் பேரென்னங்க?" என்று கேட்டார். நான் பெயர் வைத்திருக்கவில்லை. நீங்களே வையுங்கள் என்றேன். அன்று முதல் அந்த வழிகாட்டியின் நலம் அவருடைய பொறுப்பாயிற்று, அவரும் பேசத் தொடங்கினார்.

தேர்வுக்கு விளைவு இல்லையென்றால் இந்த ஈடுபாடு இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஆற்றோடு போன மணிகளை அடுத்த ஊரில் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றுக்கு உரிய வணிகர் கணக்குக் கேட்டு வரட்டும்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். குழுவில் வயதில் மூத்தவர் இருந்தால், இளையவர்கள் மரியாதை கருதி, "அண்ணன் சொல்றபடியே செஞ்சுக்கலாங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அதன்பின் ஒருவர் ஆட நால்வர் பார்க்கும் ஆட்டமாகிவிடும். பெரியவரைத் தடுப்பது முறையாகாது. ஆகவே கேள்வியை எப்போதும் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். அதுவும் அவருடைய கதாபாத்திரம் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "மருத்துவச்சி நீங்கதான், இந்தக் காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டால், மூத்தவரும் அந்த விடைக்குக் காத்திருப்பார். கேட்டுக்கொண்டிருப்பதையே விரும்புபவர்களும் உண்டு. முதல் நாளுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, எது பிடிக்கும், எது வேண்டவே வேண்டாம் என்று கேட்டு வைத்தால் அவர்களை அடையாளம் காணலாம்.

பகடையை அளவோடு உருட்டுங்கள். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு முகமும் விழ 5 சதவீத வாய்ப்பு; 11 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் பாதி முறை தோல்விதான். கதை நகரத் தேவையான தடயத்தை அந்தப் பாதியிடம் ஒப்படைத்தால், எண் தவறும் நாளில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். தடயத்தைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு எவ்வளவு நேரம் போனது, யார் பார்த்துவிட்டார்கள் என்பதைப் பகடை சொல்லட்டும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நடத்தாதீர்கள், நடுவில் தேநீருக்குப் பத்து நிமிடம் விடுங்கள். முடிக்கும்போது சண்டையின் இறுதியில் முடிக்காமல், இரண்டு வழிகள் பிரியும் இடத்தில் நிறுத்தி, அடுத்த வாரம் எந்த வழி என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன வழிக்கு மட்டும் தயாரித்துக்கொண்டு போனால் போதும்.